மூன்றாவது வெடி

என் கடை மேஜையில், ஸ்குரு டப்பாக்களுக்கு நடுவே, சுட்டு முடித்த சிவப்புத் தோட்டா ஒன்றின் கூடு நிற்கிறது. கைபட்டு உருண்டால் இன்றைக்கும் ஸ்டூலை விட்டு எழுந்துவிடுவேன். திருப்பாதிரிப்புலியூரில் ஆணி விற்கிற பயந்தாங்கொள்ளிக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காத வாடிக்கையாளர் இல்லை. எல்லாம் மச்சானால் வந்தது. மச்சான் என்றால் என் மனைவியின் அண்ணன்.

காடாம்புலியூரில் அவருக்கு முந்திரித் தோப்பு. பன்றி விரட்ட, லைசென்ஸோடு ஓர் இரட்டைக்குழல் துப்பாக்கி. வீராணம் ஏரியில் தன் அப்பா வாத்து சுட்ட கதையை அலுக்காமல் சொல்வார். இப்போது பறவை மேல் கைவைத்தால் ஜெயில்தான். அதனால் அவருடைய ஆசையெல்லாம் களிமண் தட்டின் மேல் திரும்பியது. ஸ்பிரிங் மிஷினால் ஒருவர் தட்டை வீச, பறக்கும்போதே அவர் சுடுவார். வீசும் வேலை என் தலையில் விழுந்தது. தோப்பில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் ஒன்று உண்டு: ரெண்டு வெடி கேட்டால் துப்பாக்கி காலி, மரத்தின் மறைவை விட்டு வெளியே வரலாம்.

வயசு ஏற ஏற மச்சானுக்குத் தோள் வலி. செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி சுடும்போது தோளில் அவ்வளவாக இடிக்காது என்று கேள்விப்பட்டு அதையே வாங்கலாமா என்று யோசித்தார். சிதம்பரத்து நண்பர் ஒருவர் தன்னுடையதைக் கொண்டுவந்து, "சுட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க" என்றார். குழல் ஒன்றுதான், ஆனால் சுட்டதும் காலிக் கூட்டை வெளியே தள்ளிவிட்டு அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். "மூணு தோட்டா போட்டிருக்கேன்" என்று அவர் சொன்னது எங்கள் இருவர் மண்டையிலும் ஏறவில்லை. நான் வீசிய இரண்டு தட்டையும் மச்சான் தூளாக்கினார். நான் வழக்கம்போல மரத்தை விட்டு வெளியே வந்தேன். "பாத்தீங்களா மாப்ள, தோள்ல ஒண்ணுமே தெரியல!" என்று துப்பாக்கியோடு என் பக்கம் திரும்பினார். விரல் ட்ரிகரிலேயே இருந்தது.

வெடித்தது. காலடி மண் பிய்ந்து முழங்கால் வரை அடித்தது. காது அடைத்துப்போனது. சுட்டவர்தான் தரையில் உட்கார்ந்துவிட்டார். "இருக்கியா? டேய், இருக்கியாடா?" என்று அவர் கத்தியது எங்கோ தூரத்தில் கேட்டது. வீட்டு மாப்பிள்ளையை அவர் 'டா' போட்டது அன்றைக்கு மட்டும்தான். என் வேட்டி நனைந்திருந்தது, அதைச் சொல்ல வெட்கமில்லை. ஏனென்று தெரியாமல் அந்த மூன்றாவது கூட்டைப் பொறுக்கி மடியில் வைத்துக்கொண்டேன். செமி ஆட்டோமேட்டிக் பேச்சு அதோடு நின்றது.

இப்போது அவர் மகள் தட்டு சுடுகிறாள். போட்டிகளுக்கெல்லாம் போகிறாள். தோள் கன்றிப்போகிறது என்று அதே செமி ஆட்டோமேட்டிக் கேட்கிறாள். "மாமா, நீங்க சரின்னு சொன்னாதான் வாங்கித் தருவேன்னு அப்பா சொல்றாரு" என்றாள். போன வாரம், இரவல் வாங்கிய அந்த ரகத் துப்பாக்கியில் அவள் பயிற்சி செய்வதைப் பார்க்க நானும் மச்சானும் போனோம். பின்னால் வெகுதூரம் தள்ளித்தான் நின்றோம். இரண்டு வெடித்தது. பாழாய்ப்போன என் கால் தானாகவே ஓர் அடி முன்னால் போனது. மச்சான் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். அவர் உள்ளங்கை தொப்பலாக நனைந்திருந்தது. இத்தனை வருஷமும் நான் ஒருவன்தான் பயந்துகொண்டிருக்கிறேன் என்று நினைத்திருந்தேன்.

மூன்றாவது வெடித்தது. மச்சான் மகள், துப்பாக்கியின் வாயை எதிரே இருந்த மண்மேட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் தோட்டா போடும் இடத்துக்குள் எட்டிப் பார்த்து, விரலையும் விட்டுத் தடவிவிட்டு, "காலிப்பா!" என்றாள். அதற்குப் பிறகுதான் மச்சான் என் கையை விட்டார்.

"வாங்கிக் குடுங்க மச்சான்" என்றேன்.

கடைக்குத் திரும்பியதும் அந்தச் சிவப்புக் கூட்டை எடுத்து வெளிச்சத்தில் உள்ளே பார்த்தேன். காலிதான். விரலையும் விட்டுப் பார்த்தேன்.