பூஜ்யம் என்று வந்த நிலம்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷங்களில் எங்கள் சாலையெங்கும் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் இல்லை. தியாகதுருகத்தில் நான் பிளஸ் டூ படித்த பள்ளி மூடிக் கிடந்தது. இரண்டு வளைகோடுகளுக்கு நடுவிலுள்ள பரப்பைத் தொகையீட்டால் காண்பதை வாத்தியார் ஒரே ஒரு நாள்தான் நடத்தியிருந்தார். அதை வைத்துக்கொண்டு நான் ஆடிய ஆட்டம் அரைக் கிணறு தாண்டிய கதைதான்.

அந்த ஆவணியில் கல்வராயன் மலையில் கொட்டிய மழை, அப்பா நிலத்துக்கும் சித்தப்பா நிலத்துக்கும் எல்லையாக இருந்த ஓடையைத் திருப்பிவிட்டது. மேலே வேர்க்கடலை விளையும் சித்தப்பாவின் மல்லாட்டைக் கொல்லையில் ஒரு துண்டு எங்கள் பக்கம் வந்தது. கீழே எங்கள் மணல் துண்டு ஒன்று அவர் பக்கம் போனது. பழைய எல்லைப்படியே வைத்துக்கொள்ளலாம் என்றார் சித்தப்பா. கள்ளக்குறிச்சியிலிருந்து சர்வேயர் வர வழியில்லை. "நீதான் கணக்குல புலியாச்சே, அளந்து சொல்லும்மா" என்றார் அப்பா.

கயிற்றின் மறுமுனையைச் சித்தப்பாதான் பிடித்தார். பழைய ஓடை ஒரு கோடு, புதிய ஓடை இன்னொரு கோடு. கிராப் தாளில் வரைந்து, ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்து, முதலிலிருந்து கடைசிவரை ஒரே மூச்சில் தொகையிட்டேன். விடை கிட்டத்தட்ட பூஜ்யம்.

"அப்ப யாருக்கும் நஷ்டமில்லடா. இப்ப ஓடுற ஓடையே எல்லையா இருக்கட்டும்" என்றார் அப்பா.

கையெழுத்து மட்டும் போடத் தெரிந்த சித்தப்பா தாளையே பார்த்தார். "இன்னா பாப்பா, என் கொல்ல கண்ணெதிர்ல போயிடுச்சி, ஒண்ணுமில்லன்னு வருதே. கணக்கு தப்பாதுல்ல?"

"தப்பாது சித்தப்பா."

"நீ சொன்னா சரிதான்" என்று கயிற்றைச் சுருட்டினார்.

பள்ளி திறந்ததும் வாத்தியார் மீதிப் பாடத்தை நடத்தினார். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் பிரித்து, தனித்தனியாகக் கண்டு கூட்ட வேண்டுமாம். இல்லாவிட்டால் ஒரு பக்கத்துப் பரப்பு மறு பக்கத்தை அடித்துவிடுமாம். வீட்டில் பிரித்துப் போட்டுப் பார்த்தேன். இரண்டு துண்டுகள் வந்தன. அளவில் சமம்தான். ஆனால் எங்களுக்கு வந்தது செம்மண், சித்தப்பாவுக்குப் போனது வெறும் மணல். அப்பாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. பரீட்சை முடியட்டும் என்று தள்ளிப்போட்டேன்.

பரீட்சையில் அதே கணக்கு வந்தது. சரியாகப் பிரித்துப் போட்டு முழு மார்க் வாங்கினேன்.

அதற்குள் சித்தப்பா பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விட்டார். மணலில் எதுவும் விளையவில்லை. அடுத்த வருஷம் சாரம் சரிந்து செத்துப்போனார்.

பிணத்தின் பக்கத்தில் சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அங்க எல்லார்கிட்டயும் உன்னப் பத்தித்தான் சொல்லிக்கினு இருப்பாராம் பாப்பா. எங்க பொண்ணு கணக்கு போட்டுச்சி, எங்க நெலத்துல ஒண்ணும் போவலன்னு."

பிரித்துப் போட்டுப் பார்த்த கணக்கை அப்போதும் நான் சித்தியிடம் சொல்லவில்லை.