பெயின்டர் அண்ணாச்சியின் ரோஜாக்கள்

ஷார்ஜா தொழில்பேட்டையில் நான் வேலை பார்த்த கேரேஜில் அண்ணாச்சி கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவர். காதோரம் எப்போதும் பழைய பெயின்டைத் தேய்த்த வெள்ளைப் பொடி. அவர் அம்மா இறந்தபோது விசா கொடுத்த அரபு முதலாளி, கஃபீல், பாஸ்போர்ட்டைத் தரவில்லை; ஊருக்குப் போக முடியவில்லை. கல்லறையில் வைக்க வாடாத பூ வேண்டுமென்று, ஆயில் பெயின்டில் ரோஜாக்கள் வரையப் பழகினார். பார்த்து வரைய மேசையில் வைத்த பூ வாடினால் வேறு வாங்கிவந்தார்.

நான் லீவில் ஊருக்குக் கிளம்பும் நாளிலும், என்னிடம் கொடுத்தனுப்ப வைத்திருந்த படம் ஈரமாகவே இருந்தது. கார் பெயின்ட் போலச் சூட்டில் காய்ந்துவிடும் என்று நினைத்து, வண்டிகளைக் காயவைக்கும் சூட்டு அறையில் வைத்துவிட்டார். இதழ்கள் சுருங்கிக் கறுத்தன.

"என்ன அண்ணாச்சி, இப்படிப் பண்ணிட்டீங்களே?"

"கொண்டு போ மக்கா. அங்க வச்ச பூவும் இதுக்குள்ள கருகியிருக்கும்லா."

அவர் ஊரில், அம்மாவின் கல்லறையில் படத்தைச் சாய்த்து வைத்தேன். விரலில் சிவப்பு ஒட்டியது. மேலே கருகியிருந்தும் உள்ளே காயவில்லை. திரும்பி வந்து இதை மட்டும் அவரிடம் சொல்லவில்லை. ஏனென்று இன்றும் தெரியவில்லை.