போடில் விடாமல் பிடித்த பீப்பாய்

ஐம்பத்திரண்டு வயதுவரை போடில் கிராகெலுண்டுக்குப் பொறாமை என்றால் என்னவென்றே தெரியாது. அப்படித்தான் அவள் எல்லோரிடமும் சொல்லிக்கொள்வாள். பக்கத்து வீட்டுக்காரி புதுக் கார் வாங்கினால் பூங்கொத்தோடு போய் வாழ்த்துகிற ஆள். தங்கை கடற்கரையில் கோடை வீடு கட்டியபோது எல்லா ஜன்னலுக்கும் திரைச்சீலை தைத்துக் கொடுத்தவள். அப்பேர்ப்பட்டவளுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது, பள்ளிக்கூடத்துக்கு சில்யே வந்து சேர்ந்த பிறகுதான்.

டென்மார்க்கில், ஜட்லாந்தின் மேற்குக் கரையில், காற்று ஆளை நேராக நிற்க விடாத ஒரு சின்ன ஊர். போடிலின் அப்பா மீன்பிடிப் படகில் வேலை பார்த்தவர். போடில் மட்டும் கரையிலேயே நின்று படித்து டீச்சரானாள். அதே ஊர்ப் பள்ளியில் இருபத்தாறு வருஷம். மூன்றாம் வகுப்பு ஏ பிரிவுப் பிள்ளைகள், ஷூ நாடா கட்டத் தெரியாமல் வந்த நாளிலிருந்து அவளிடம்தான் இருக்கிறார்கள். அங்கே வாத்தியாரைப் பெயர் சொல்லி, நீ போட்டுத்தான் பேசுவார்கள். வீட்டு மனுஷியிடம் பேசுகிற மாதிரி அவளிடம் பேசுவார்கள்.

புவியீர்ப்பு பாடத்துக்கு அவள் எதையும் கடையில் வாங்கியதில்லை. சாவிக்கொத்தைத் தூக்கிப் பிடித்து விடுவாள்.

“யாரு கீழே இழுத்தது?”

“நீதான் விட்டே!”

“விட்டது நான். இழுத்தது யாரு?”

பிள்ளைகள் மேசைக்கடியில் குனிந்து தேடுவார்கள். எவனாவது ஒருத்தன் தரையைத் தட்டிப் பார்த்து, “பூமியா?” என்பான். அந்த நிமிஷத்துக்காகத்தான் அவள் சம்பளம் வாங்கினாள் என்று சொன்னால் மிகையில்லை. அடுத்து இரண்டு காகிதம். ஒன்றை விரித்தபடியும் ஒன்றைக் கசக்கி உருட்டியும் விடுவாள். ஒரே எடைதான், ஆனால் விரித்த காகிதத்தைக் காற்று தாங்கிப் பிடிக்கும், உருண்டை விருட்டென்று விழும். “காத்து குறுக்கே வரலேன்னா கனமானதும் லேசானதும் ஒண்ணாத்தான் விழும்” என்று முடிப்பாள். அவ்வளவுதான் பாடம்.

ஆகஸ்டில் ஓர்ஹுஸ் நகரத்திலிருந்து வந்த சில்யேவுக்கு வயது இருபத்தொன்பது. பி பிரிவு அவளுக்கு. வந்த மாசமே எடை பார்க்கும் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்து, ஒவ்வொரு பிள்ளையும் நிலாவில் எத்தனை கிலோ, வியாழனில் எத்தனை கிலோ என்று எழுதி கழுத்தில் அட்டை மாட்டிவிட்டாள். ஊரே அந்தப் பேச்சுதான். ஏ பிரிவு வில்ஃபிரெட் ஒருநாள் ஓடிவந்தான்.

“போடில், போடில்! நிலாவுல நான் அஞ்சு கிலோதான்! அங்க இழுக்கிறது கம்மியாம். சில்யே சொன்னா!”

“இதையேதான் நான் போன மாசம் சொன்னேன்.”

“நீ சொன்னியா?” என்றான் வில்ஃபிரெட், நிஜமான ஆச்சரியத்தோடு.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டிலும் அவளுக்கு அதே பேச்சுதான். கணவன் ஓர்லா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், வளைத்துப் பேசத் தெரியாதவன்.

“பொறாமப்படுற நீ” என்றான், உருளைக்கிழங்கைப் பிட்டுக்கொண்டே.

“நானா? அந்தப் பொண்ணப் பாத்தா? எதுக்காம்?”

“எதுக்கோ. நாலு நாளா அவ பேரச் சொல்லிச் சொல்லித்தான் நீ சோறே திங்கிற.”

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியவர் தலைமையாசிரியர் பிரேபென். ஜனவரியில் கூப்பிட்டுச் சொன்னார். அடுத்த வருஷம் இரண்டு பிரிவுக்கும் அறிவியலுக்கு ஒரே ஆள்தானாம். பெற்றோர் சிலர் சில்யேவைக் கேட்டு எழுதியிருக்கிறார்களாம். “நான் இன்னும் முடிவு பண்ணல, போடில். ஃபாஸ்தலவ்ன் முடியட்டும், பாக்கலாம்” என்றார். போடில் கொதித்துப்போனாள். என் பிள்ளைகளை அவளிடம் கொடுப்பதா? ஷூ நாடா கட்டிவிட்டது யார், அவளா?

ஃபாஸ்தலவ்ன் பிப்ரவரியில் வரும் வேஷப் பண்டிகை. பூனைப் படம் வரைந்த மரப் பீப்பாயில் ஆரஞ்சும் மிட்டாயும் நிரப்பித் தொங்கவிட்டு, பிள்ளைகள் வரிசையாக நின்று கட்டையால் அடித்து உடைப்பார்கள். அந்த வருஷம் அடிப்பதற்கு முன்னால் ஒரு வேடிக்கை வைக்கலாம் என்றாள் சில்யே. உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்திலிருந்து இரண்டு பீப்பாய்களைக் கீழே போடுவது. ஒன்று நிரம்பியது, ஒன்று காலி. எது முதலில் விழும்? கீழே தடித்த மெத்தை.

“காலிப் பீப்பாய நீ பிடிச்சுக்கோயேன், போடில். நீ மேல நின்னாத்தான் உன் பசங்க நம்புவாங்க.”

முகத்துக்கு நேரே இப்படிக் கேட்டால் எப்படி மாட்டேன் என்பது? சரி என்றாள். மனசுக்குள், என் பாடத்தையே எடுத்து வித்தை காட்டப் போகிறாயா, காட்டு, காட்டு என்று பொருமினாள்.

திங்கட்கிழமை கூடம் நிறைந்து வழிந்தது. சில்யே வெள்ளி நிறத்தில் விண்வெளி வீராங்கனை வேஷம், கையில் ஹெல்மெட். போடில் வருஷா வருஷம் போடும் கோழி வேஷம். மஞ்சள் அலகு, துணி இறக்கை, எல்லாம் அவளே தைத்தது. விண்வெளிக்காரியைப் பார்த்து எல்லோரும் கை தட்டினார்கள். கோழியைப் பார்த்து ஒருத்தரும் தட்டவில்லை. பார்த்துப் பழகிய கோழிதானே.

“எது முதல்ல விழும்?” என்று மாடத்திலிருந்து கேட்டாள் சில்யே.

“கனமானது! கனமானது!” என்று கூடம் அதிர்ந்தது. பெற்றோர்களும் அதையேதான் கத்தினார்கள். ஏ பிரிவு மட்டும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தது. அவர்களுக்குத்தான் விடை தெரியுமே.

ஒன்று. இரண்டு. மூன்று.

சில்யே கையை எடுத்தாள். போடில் எடுக்கவில்லை. ஒரே ஒரு கண் இமைப்பு, அவ்வளவுதான். பிறகு விட்டாள்.

தொம்! தொம்.

நிரம்பிய பீப்பாய்தான் முதலில் விழுந்தது. கூடம் ஹோவென்று ஆர்ப்பரித்தது. “பாத்தியா, நான் சொன்னேன்ல!” என்று அப்பாமார்கள் தொடையைத் தட்டிச் சிரித்தார்கள். சில்யேவின் முகம் பீட்ரூட்டாகச் சிவந்தது. போடிலுக்கு எத்தனை குளிர்ச்சி! பொய் சொல்வானேன், ஆறு மாசமாக எரிந்த வயிற்றில் பனிக்கூழ் ஊற்றியது போலிருந்தது.

அப்போது கீழே வில்ஃபிரெட் எழுந்தான், பச்சை டிராகன் வேஷத்தில்.

“இது தப்பு!”

“கண்ணால பாத்தோமேடா!” என்றான் பெரிய வகுப்புப் பையன் ஒருவன்.

“பாத்தா என்ன? ரெண்டும் ஒண்ணா விழும்னு போடில் சொல்லியிருக்கா. போடில் பொய் சொல்ல மாட்டா. அப்ப யாரோ தப்பா விட்டிருக்காங்க.”

“சில்யேதான்!” என்று பக்கத்திலிருந்த அல்பெர்தே துள்ளினாள். “அவதான் முன்னாடியே விட்டுட்டா!”

ஏ பிரிவு மொத்தமும் பிடித்துக்கொண்டது. “சில்யே ஏமாத்திட்டா! சில்யே ஏமாத்திட்டா!”

சில்யே ஹெல்மெட்டைக் கீழே வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “இருக்கலாம். நான் அவசரப்பட்டிருப்பேன். மன்னிச்சுக்கோங்க.”

போடில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். வகுப்பு அவள் கையில். அல்லது இறக்கை மாட்டிக்கொண்டது என்று சொல்லியிருந்தால் எவரும் நம்பியிருப்பார்கள். ஆனால் கீழே தன் பிள்ளைகள், தன் பேச்சை நம்பியதற்காகவே, தப்பு செய்யாத ஒருத்தியைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை.

“நிறுத்துங்க!” என்றாள். அலகு கோணிக்கொண்டது, பிடுங்கி எறிந்தாள். “சில்யே சரியாத்தான் விட்டா. நான்தான் விடாம பிடிச்சிருந்தேன்.”

கூடமே மாடத்தை அண்ணாந்து பார்த்தது.

“தெரியாமலா?” என்றான் வில்ஃபிரெட்.

“தெரிஞ்சேதான்.”

“ஏன்?”

“பொறாம. சில்யேகிட்ட உங்களக் குடுத்துருவாங்களோன்னு பொறாம.”

பெற்றோர்கள் குனிந்து தங்கள் காலணியைப் பார்த்தார்கள். பிரேபென் தொண்டையைச் செருமினார். அல்பெர்தேதான் கடைசியில் வாயைத் திறந்தாள்.

“சரி, இப்ப ஒழுங்கா போடுங்க.”

பீப்பாய்களை மறுபடி மேலே ஏற்றினார்கள். இந்த முறை ஒரே ஒரு தொம். அதற்குப் பிறகு பிள்ளைகள் பீப்பாயை அடித்து நொறுக்கி ஆரஞ்சுக்கு அடித்துக்கொண்டார்கள். யாருக்கும் எதுவும் நினைவில்லை என்று நினைத்தாள் போடில்.

மறுநாள் சோதனை நோட்டுகளைத் திருத்த எடுத்தாள். வில்ஃபிரெட் எழுதியிருந்தான்: ‘முதல் தடவை கனமான பீப்பாய் முதலில் விழுந்தது. காரணம்: போடிலுக்குப் பொறாமை. இரண்டாம் தடவை இரண்டும் ஒன்றாக விழுந்தன. காரணம்: பூமி எல்லாவற்றையும் ஒரே மாதிரிதான் விழ வைக்கும்.’ இரண்டு முறை படித்தாள். பிறகு இரண்டு காரணத்துக்கும் ‘சரி’ போட்டாள்.

வெள்ளிக்கிழமை பிரேபென் முடிவைச் சொன்னார். அடுத்த வருஷம் இரண்டு பிரிவுக்கும் சில்யே. போடில் ஏன் என்று கேட்கவில்லை. நோட்டுக் கட்டைக் கொண்டுபோய் சில்யேவின் மேசையில் வைத்தாள். மேலே வில்ஃபிரெட்டின் நோட்டுதான் இருந்தது. சில்யே அதை நின்றபடியே படித்தாள், மூடினாள். சிரிக்கவில்லை.

“அன்னிக்கு எல்லாரும் என்னத் திட்டினப்போ, என் வகுப்புல ஒருத்தர்கூட எனக்காக எழுந்து நிக்கல, போடில். உன் பசங்க நீ சொன்ன ஒரு வார்த்தைக்காக, கண்ணால பாத்ததையே நம்ப மாட்டேன்னாங்க.” நோட்டைத் தள்ளி வைத்தாள். “வீட்டுக்குப் போய் அழுதேன். உன்னப் பாத்து அப்பிடி எரிஞ்சுது எனக்கு.”

போடில் ஆறுதலாக ஏதோ சொன்னாள், தோளைத் தட்டினாள், வெளியே வந்து கதவைச் சாத்தினாள். நடைபாதையில் ஒருத்தரும் இல்லை. வகுப்பு போய்விட்டது, மானம் போய்விட்டது, ஊரே பேசுகிறது. இருந்தும் சில்யேவுக்குத் தன்னைப் பார்த்துப் பொறாமை என்று நினைக்க நினைக்க, வெட்கமே இல்லாமல் அவளுக்குச் சிரிப்பு சிரிப்பாக வந்தது.