வெள்ளைப் பூ வந்தால் அபிசீனியா

போன மாதம் திருப்பதியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கினேன். கடைக்காரப் பெண் அதைப் பாலித்தீன் கவரில் போட்டு முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பழக்க தோஷத்தில் கவரை மூக்கருகே கொண்டுபோனேன். கவர் வாசனைதான் வந்தது. மந்தாரை இலையில் கட்டிய மல்லிகை இப்படி வாயை மூடிக்கொண்டு இருக்காது. எத்தனை சுற்றுச் சுற்றி வாழைநாரால் இறுக்கினாலும் உள்ளே இருப்பது யாரென்று சொல்லிவிடும். அப்படி ஒரு பொட்டலம் சொன்னதைக் கேட்டுத்தான் ஒன்பது வயதில் நான் ஒரு பெண்ணைக் கடல் தாண்டி அனுப்பிவைத்தேன்.

எங்கள் எதிர்வீட்டு மருமகள் அவள். கணவர் பட்டாளத்தில் ஜமேதார் என்பதால் நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் அவளைப் பட்டாளத்து அத்தை என்போம். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் அவர் லீவில் வந்த நாட்களைச் சேர்த்தால் ஆறு மாதம் தேறாது. மாமியாரும் அத்தையும் மட்டும்தான் வீட்டில். நகரிப் பக்கத்தில் எங்கள் ஊர். ஆந்திர ராஜ்யம் பிரிந்து எங்கள் ஜில்லா அதோடு போய்விட, எங்கள் ஊர் அங்கேயா இங்கேயா என்று பெரியவர்கள் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, வீட்டில் தமிழ், திட்டுவதற்கு இரண்டும்.

அப்போதுதான் அந்தக் கடிதம் வந்தது. இப்போது எத்தியோப்பியா என்கிறோமே, அந்த அபிசீனியா ராஜாவின் பட்டாளத்துக்குப் பயிற்சி கொடுக்க நம் ஆட்களை அனுப்பப்போகிறார்களாம், அவர் பெயரும் அடிபடுகிறதாம். உத்தரவு வரலாம், வராமலும் போகலாம். வந்தால் மூன்று வருஷம். மனைவியை அழைத்துப்போக விடுவார்களாம். ஆனால் அவள் வருவாளா மாட்டாளா என்று இப்போதே எழுதித் தந்துவிட வேண்டும். போவதே நிச்சயமில்லாத ஊருக்கு வருகிறேன் என்று எப்படி எழுதுவது? வரவில்லை என்று எழுதிவிட்டால், பிறகு மூன்று வருஷம் அவரைக் கண்ணால் பார்க்க முடியாது.

அத்தை அழவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். "உங்க வாத்தியார் கிட்ட கேட்டுக்கினு வாடி. அங்க புளி கெடைக்குமா? அந்த ஜனங்க இன்னா துன்னுவாங்க? மழ பேயுமா?" எனக்கும் அபிசீனியா பைத்தியம் பிடித்துக்கொண்டது. வாத்தியாருக்கு மழையும் புளியும் தெரியவில்லை. ஒரு கேள்விக்கு மட்டும் தேசப்படத்தில் விரல் வைத்துப் பதில் சொன்னார். அத்தை தினமும் குளித்ததும் வாசலில் நின்று, திருமலை இருக்கும் வடக்குப் பக்கம் பார்த்துக் கும்பிடுவாள். அங்கே போனால் எந்தப் பக்கம் பார்த்துக் கும்பிடுவது என்பதுதான் அந்தக் கேள்வி. கிழக்கு என்றார் வாத்தியார். ஓடிவந்து சொன்னேன். அத்தை முகம் மலர்ந்தது. "அப்டினா சூரியனும் பெருமாளும் ஒரே பக்கம். ஒரு கும்புடு மிச்சம்டி" என்றாள்.

மாமியார் மசியவில்லை. "கடல் தாண்டினா குலம் கோத்திரம் எல்லாம் பூடும்" என்றார். அத்தைக்கு வாய்த்துடுக்கு உண்டு. "இங்க குந்திக்கினே மெட்ராஸ்லேர்ந்து ஆந்திராவுக்கு வந்துட்டோமே அத்த, இன்னா பூடுச்சு?" என்று கேட்டாள். மாமியார் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவரே, "சனிக்கெழம பெருமாள் கோயில்ல பூக்கட்டிப் பாத்துடலாம். அவர் சொல்றதுதான்" என்றார்.

எங்கள் பக்கம் முடிவு தெரியாத காரியத்துக்கெல்லாம் பூக்கட்டிப் பார்ப்பதுதான் வழக்கம். ஒரு பொட்டலத்தில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. இரண்டையும் சாமி காலடியில் வைத்துக் குலுக்கி, விவரம் தெரியாத ஒரு குழந்தையை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் இருக்க வேண்டும். மருமகள் தில்லுமுல்லு செய்துவிடுவாள் என்று பொட்டலங்களை மாமியாரே கட்டினார். யார் எடுப்பது என்றதும், "எதிர்வூட்டு நாய் மூக்கக் கூப்புடு" என்றார்.

நாய் மூக்கு என்பது நான்தான். தெரு முனையில் நின்றே எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் கீரை என்று சொல்லிவிடுவேன். அந்தக் கிழவி வைத்த பெயர்தான் அது.

சனிக்கிழமை சாமி முன்னால் கண்ணை மூடிக் குனிந்தேன். இடது பக்கப் பொட்டலத்திலிருந்து மல்லிகை வந்து மூக்கில் இடித்தது. அரளிக்கு ஏது இந்த வாசனை? ஆக, வெள்ளைப் பூ இடது பக்கம். எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்த பிறகு எடுக்கக் கூடாது என்பதும் தெரியும். ஆனால் அத்தை போனால் முதல் கடிதம் எனக்குத்தான் என்று சொல்லியிருந்தாள். அபிசீனியா தபால்தலை எப்படி இருக்கும்? இடது பக்கத்தையே எடுத்தேன். அத்தை அந்த இடத்திலேயே விழுந்து கும்பிட்டாள். மாமியார் பிரகாரம் சுற்றப் போய்விட்டார்.

உத்தரவும் வந்தது. அத்தை போனாள். ஐந்து மாதம் ஒரு வரி இல்லை. சாமி சொல்லாததை நான் சொல்லிவிட்டேன், அதனால் அவளுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குச் சோறு இறங்கவில்லை. நைனாவிடம் சொல்லவும் பயம். தபால்காரர் தினமும் "ராலேது பெத்தம்மா", வரவில்லை என்று சொல்லிவிட்டுப் போவார். மாமியார் என்னைப் பார்த்து, "ஏண்டி, லெட்டர் வாசன எங்கயாச்சும் வருதா?" என்பார். கேலிதான். ஆனால் கேட்டுவிட்டு என் பதிலுக்காக நிற்பார்.

கடைசியில் வந்தது, உறை முழுக்க முத்திரையும் அடித்தலுமாக. அத்தை பழைய நினைப்பில் மெட்ராஸ் ராஜ்யம் என்று விலாசம் எழுதியிருந்தாள். கடிதம் அபிசீனியாவிலிருந்து கடல் தாண்டி ஒழுங்காக வந்துவிட்டு, எங்கள் ஊர் எந்த ராஜ்யம் என்று தெரியாமல் இங்கேதான் அலைந்திருக்கிறது. புளி கிடைக்கவில்லையாம், எலுமிச்சம்பழத்தில் ரசம் வைக்கிறாளாம். தினமும் கிழக்கே கும்பிடுகிறாளாம். மாமியார் அதை என்னிடம் நான்கு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார்.

இரண்டாம் வருஷம் மாமியார் போய்ச் சேர்ந்தார். அத்தைக்குச் சேதி போனபோது காரியமே முடிந்துவிட்டது.

மூன்று வருஷம் முடித்து அத்தை கைக்குழந்தையோடு வந்தாள். பெருமாள் கோயிலில் வைத்து எல்லாவற்றையும் சொல்லி அழுதேன். வாசனை பிடித்துத்தான் எடுத்தேன், சாமி சொன்னதில்லை என்றேன். அத்தை சிரித்தாள். "அந்த மூக்க உனக்குக் குடுத்தது யாருடி? அவருக்குச் சொல்றதுக்கு வழியா இல்ல?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. "அன்னிக்கு நம்ம கொல்லையில வெள்ளரளி கொத்துக் கொத்தா பூத்துக்கெடந்துச்சு. அத உட்டுட்டு மல்லிய வாங்கியாந்து கட்டினாங்க. எடுக்கறதுக்கு உன்னக் கூப்புடச் சொன்னாங்க. போன்னு அவங்க வாயால வராதுடி. திரும்பி வந்து கேக்கலாம்னு இருந்தேன், ஆள் இல்ல." அப்போதுதான் அவள் அழுது நான் பார்த்தேன்.

தொண்ணூறை நெருங்கும் அத்தை இப்போது திருப்பதியில் மகன் வீட்டில் இருக்கிறாள். நான் கொண்டுபோன கவரை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தாள். "இதுல கட்டியிருந்தா நான் நகரியிலேயே கெடந்திருப்பேன்" என்றாள். முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்த்து, பூவை எடுத்து, மாமியார் படத்துக்குப் போடச் சொல்லி என்னிடம் கொடுத்தாள்.