தாளுக்குப் பச்சை அடித்த பாய்

இரண்டாயிரங்களின் கடைசி வருஷங்கள். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நாள் முழுக்க பேக்கிங் லிஸ்ட் அடித்து அலுத்துப்போய், வேலையை விட்டு ஒரு விளம்பர ஆபீசில் சேர்ந்தேன். ஆபீஸ் என்றால் பஸ் ஸ்டாண்டு பக்கம் மாடியில் ஒரே அறை. அதில் ஓனரும் நானும். அவரை அண்ணா என்று கூப்பிடுவேன்.

அண்ணா எங்கிருந்தோ கற்றுக்கொண்டு வந்த புதுமை, இணையத்தில் எல்லோரும் திறந்து எழுதக்கூடிய தாள். கடைக்கு ஒரு தாள். லோக்கல் கேபிள் டிவியில் அடியில் ஓடும் விளம்பர வரி என்ன, எந்த நாள் ஓட வேண்டும், எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். கடைக்காரரும் திறப்பார், கேபிள்காரரும் திறப்பார். மஞ்சள் அடித்திருந்தால் இன்னும் முடிவாகவில்லை. பச்சை என்றால் கடைக்காரர் சம்மதித்துவிட்டார், ஓட்டலாம். கேபிள்காரர் பச்சையைத்தான் பார்ப்பார், என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கமாட்டார். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

என் பொறுப்பில் முதன்முதலாக விட்டது ஒரு செருப்புக்கடை பாயை. "இந்த ஒரு கடைய ஒழுங்கா பாத்துக்கோ மா. இது போச்சுன்னா உன்ன வேலைக்கு வச்சுக்க முடியாது" என்று அண்ணா முன்கூட்டியே சொல்லிவிட்டார். மறுபடி பேக்கிங் லிஸ்டா என்று நினைத்தாலே எனக்கு விரல் வலித்தது.

பாய் தங்கமான மனிதர். பேச்சுதான் ஜாஸ்தி. ஒருநாள் மத்தியானம் ஒரு வரி விளம்பரம் கேட்கப் போன என்னை உட்காரவைத்து, மேல்விஷாரத்தில் அவர் சாப்பிட்ட கல்யாண விருந்தை ஒவ்வொரு பதார்த்தமாகச் சொன்னார். இரண்டு மணி நேரம். நான் காலையிலும் சாப்பிட்டிருக்கவில்லை. திரும்பி வந்து, பசியும் கோபமுமாக அவருடைய தாளின் கடைசி வரிசையில் எழுதினேன்: "எங்கள் கடைக்குச் சாப்பிட்டுவிட்டு வரவும். முதலாளி பேச ஆரம்பித்தால் விடமாட்டார்." அண்ணாவும் படித்துச் சிரித்தார். அழிக்க மறந்துவிட்டேன். நுணல் தன் வாயால் கெட்டது, நான் விரலால் கெட்டேன்.

இரண்டு நாள் கழித்துக் காலையில் இட்லித் தட்டோடு டிவி முன்னால் உட்கார்ந்தேன். அடியில் நான் எழுதிய வரி ஓடிக்கொண்டிருந்தது. தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். ஆபீசுக்கு ஓடித் தாளைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை ஒரே பச்சை. அப்போதே போன் அடித்தது.

"கடைக்கு வா மா" என்றார் பாய். அவ்வளவுதான். அவர் இவ்வளவு சீக்கிரம் பேசி முடித்ததுதான் எனக்குப் பயமாக இருந்தது.

ஷட்டர், சுவர், செருப்பு போட்டுத் தரும் பை, எல்லாமே பச்சையான கடை அது. "உன் தாளு மஞ்சளும் வெள்ளையுமா கலீஜா இருந்திச்சு. நேத்து நம்ம கடை கலருக்கு மாத்திட்டேன்" என்றார். நிறத்துக்கு என்ன அர்த்தம் என்று நான் விளக்கிய அன்றும் அவர்தானே பேசிக்கொண்டிருந்தார்.

"டிவில ஓடுதே, அத்த யார் எழுதனது?"

தப்பு உங்கள் மேல்தான் என்று சொல்லியிருக்கலாம். தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

"நான்தான் பாய்."

"நான் அவ்ளோவா பேசறேன்?"

"ஆமா பாய். அன்னிக்கு எனக்கு ரொம்ப பசி."

அவர் முகம் சுண்டிப்போனது. எனக்கு வெட்கமாகவும் பாவமாகவும் இருந்தது. அந்த நேரம் பார்த்து ஆலங்காயத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்டாட்டியும் உள்ளே வந்தார்கள். "சாப்ட்டுதான் வந்துக்கிறோம் பாய், நிதானமா பேசுங்க" என்றார் அந்த அம்மா. அடுத்து வந்தவரும் அதையே சொன்னார். ஐந்தாவது ஆள் சொன்னபோது பாய் உதட்டைக் கடித்துக்கொண்டார். "நீ போ மா" என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்.

ஆபீசில் அண்ணா என் முகத்தைப் பார்க்கவே இல்லை. மேசையில் இருந்த என் டிபன் பாக்சைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். கடைசியாக ஒருமுறை பாயின் தாளைத் திறந்தேன். கீழே புதிதாக ஒரு வரிசை வந்திருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ். ஒற்றை விரலால் அடித்திருப்பார்.

"சாப்பிடாம வர்றவங்களுக்கு டீயும் பன்னும் உண்டு. அந்த வரியோட இதையும் சேத்து ஓட்டு."

பச்சைத் தாளில் அந்த ஒரு வரிசைக்கு மட்டும் நிறமே அடிக்கவில்லை. பக்கத்துக் கட்டத்தில் இன்னொன்றும் எழுதியிருந்தார்: "கலர் நீயே போடு மா."

அண்ணா எட்டிப் பார்த்தார். மவுசை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.