பாட்டுக்காரர்கள் தங்கிய அறை

போடிமெட்டுச் சாலையில் மண் சரிந்து எங்கள் ஜீப்பு நின்றுவிட்டது. பொழுது போகட்டும் என்று ஓட்டுநர் பாட்டுப் போட்டார். முதல் வரியிலேயே அந்தக் குரலை அடையாளம் கண்டுகொண்டேன். இறங்கிப் போகலாம் என்றால் வெளியே மழை கொட்டியது.

போடியில் இருந்த ஒரு மெல்லிசைக் குழுவின் பாடகர் அவர். பெற்ற தாயைப் பற்றி அவர் பாடும் அம்மா பாட்டென்றால் சிறுவயதில் எனக்கு உயிர். ஒருமுறை எங்கள் எஸ்டேட் திருவிழாவுக்குப் பாட வந்தவர்கள், இதேபோல் மண் சரிந்ததால் கீழே இறங்க முடியாமல் தொழிலாளர் குடியிருப்பில் இருந்த எங்கள் லயத்து வீட்டில் தங்கினார்கள். இருந்தது ஒரே அறை. ஈரக் கம்பளி நாற்றமும் பீடிப் புகையுமாக மூச்சு முட்டியது. அம்மா ஏலத்தோட்டத்தில் நனைந்தபடி வேலை பார்த்துவிட்டு வந்து, அத்தனை பேருக்கும் கஞ்சி காய்ச்சினாள்.

அடுப்பை ஊதிக்கொண்டே தயக்கத்தோடு அவரிடம் கேட்டாள்: "அண்ணே, எம் மகளுக்கு உங்க அம்மா பாட்டுன்னா உசுரு. ஒருக்கா பாடுங்களேன்."

"அந்தச் சனியனையா? பாடிப் பாடி வாயெல்லாம் கசக்குது. நீ கஞ்சிய வெரசா கொண்டா ஆத்தா."

எல்லோரும் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அழுகை முட்டியது. அந்த அறையில் அழுவதற்கு ஒரு மூலைகூட இல்லை.

ஜீப்பில் அதே அம்மா பாட்டைக் கேட்டபடி என் தோளோடு நெருங்கி உட்கார்ந்திருந்த ஒரு அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார்.

"பெத்தவ மேல எம்புட்டுப் பாசம் இருந்தா இப்படிப் பாடுவாரு!"

"ஆமாக்கா" என்றேன்.