அரைச் சுற்றுத் திறந்த ஊசி

ஜௌபர் நானா மௌத்தான செய்தி எங்கள் விளையாட்டுக் கழகத்து வாட்ஸ்அப் குழுவில்தான் வந்தது. செயலாளர் இரங்கல் போட்டிருந்தார். கீழே ஒரு ட்ரோனின் படம். அந்த மனிதர் வாழ்நாளில் ட்ரோனைத் தொட்டதில்லை.

அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்து எங்கள் தில்லையடியில் குடியேறியவர். வள்ளங்களின் எஞ்சின் திருத்துவது தொழில். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் எங்கள் மைதானத்தில் மாதிரி விமானம் பறக்கவிடுவார். அதன் மூக்கில் கட்டைவிரல் அளவு எஞ்சின். சிறகிலிருந்து இரண்டு மெல்லிய கம்பிகள் அவர் கைப்பிடிக்கு வரும். அவர் நடுவில் நின்று சுழல, அது அவரைச் சுற்றி வட்டமடிக்கும். கம்பியின் நீளத்துக்கு அப்பால் ஓரடிகூடப் போகாது. எஞ்சின் ஓடும்போது விமானத்தைப் பிடித்திருந்து, அவர் தலையசைத்ததும் விடுவது பல வருடம் என் வேலை.

முதல் விமானத்தை உடைத்தவனும் நான்தான். சத்தம் கூர்மையாகக் கேட்கட்டும் என்று, எரிபொருள் விடும் ஊசியை இறுக்கிவிட்டேன். தரையில் பிரமாதமாகக் கத்தியது. மேலே போனதும் எரிபொருள் போதாமல் சூடேறி நின்று, மண்ணில் குத்தியது. நானா துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார்: "தரையில நல்லாக் கத்துறது மேல ஓடாது மாஸ்டர். அரைச் சுத்துத் திறந்து வைங்க. கொரகொரண்டுதான் கேக்கும். மேல போனா தன்பாட்டுல சரியாகும்."

பிறகு கழகத்தில் சிலருக்கு மைதானம் முழுவதும் கிரிக்கெட்டுக்கு வேண்டியிருந்தது. ஜௌபர் ட்ரோன் விட்டு வீட்டுப் பெண்களைப் படமெடுக்கிறார் என்று பொலிஸுக்குக் கடிதம் எழுதினார்கள். கம்பியில் கட்டிய பலகைத் துண்டு படமெடுக்குமாம். தூ! எழுதியவருக்கே தெரியும் அது பொய்யென்று. அதில் மூன்றாவது கையெழுத்து என்னுடையது. அடுத்த தலைவர் நீங்கள்தான் என்றார்கள். எலும்பைக் கண்ட நாயாக வாலாட்டினேன்.

பொலிஸார் நானாவை விசாரணைக்கு அழைத்தார்கள். மைதானம் அவருக்கு இல்லை என்றாயிற்று. அடுத்த நாள் பேக்கரியில் நான் பாண் வாங்கும்போது என்னைக் கண்டார்.

"அது உங்கட கையெழுத்துத்தானே, மாஸ்டர்?"

ஓம் என்றேன்.

"விமானத்தப் பிடிச்சிக்கொண்டு நிண்ட ஆள் நீங்க," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஏசியிருந்தால் எனக்கு ஆறியிருக்கும்.

அனுதாபக் கூட்டத்தில் செயலாளர் தழுதழுத்தார். 'நம் ஊரின் விஞ்ஞானி' என்றார். பொய் எழுதிய அதே ஆள். கூட்டம் முடிந்ததும் பற்றீஸும் தேநீரும் வந்தன. நானும் ஒன்றைத் தின்றேன்.

மறுநாள் அவர் மகள் நஸ்ரின் கூப்பிட்டனுப்பினாள். வாப்பாவின் எஞ்சினை ஒருக்கா ஓட்டிக் காட்டச் சொன்னாள். கடைசி மூன்று வருடமும் கொல்லையில் ஒரு மேசையில் திருகாணியால் பூட்டி, வெள்ளி தவறாமல் ஓட்டினாராம். மேசையில் ஓடும் எஞ்சினுக்கு ஊசியை இறுக்கியே வைக்கலாம். அது எங்கும் பறக்கப் போவதில்லையே. எஞ்சினின் விசிறியைச் சுண்டினேன். கொரகொரவென்று ஓடியது. ஊசி அரைச் சுற்றுத் திறந்தே இருந்தது.

"மந்தமா ஓடுதே மாஸ்டர், பழுதா?" என்று நஸ்ரின் கேட்டாள்.

"இல்ல மகள். பறக்க வெச்சிருக்கார்."

என் கை தன்பாட்டில், விமானத்தைப் பிடிப்பதுபோல, அந்த மேசையைப் பிடித்துக்கொண்டது. தலையசைக்க ஆளில்லை.

நானா, அல்லாஹ் உங்களைப் பொருந்திக்கொள்வானாக. என்னை நீங்கள் பொறுக்க வேண்டாம்.